கடுவன்குட்டியின் கருத்தடைக்குப் பிந்தைய நிலை: ஒரு மெய்ப்பாட்டியல் ஆய்வு

காலையில் கருத்தடை முடிந்து, மாலையில் கூடையோடு வீடு திரும்பிய கிட்டு என்னும் ஐந்து மாதக் கடுவன்குட்டியே இவ்வாய்வின் முதன்மை ஆதாரம். துணை ஆதாரங்கள் இரண்டு: மருத்துவர் கொடுத்த அரைப் பக்கச் சீட்டு, அதற்குப் பாட்டி வழங்கிய மறுப்புரை.

முதல் இரவு மயக்கக் காண்டம். கெட்டமைன் ஏறிய பூனை கண்ணை மூடாது. பாவை விரிந்து, சுவருக்கு அப்பால் எதையோ பார்த்துக்கொண்டிருக்கும். நடந்தால் பின்னங்கால் ஒரு திசை, உடம்பு ஒரு திசை. “சாமி வந்திருக்குடா” என்பது பாட்டியின் முடிபு. வழக்கத்தில் பாதிச் சாப்பாடு என்றது சீட்டு. முழுச் சாப்பாடும் கேட்டது சாமி.

அடுத்தது தையல் தேடு படலம். பெண்பூனைக்கு வயிற்றைத் திறப்பதால் தையல் உண்டு. கடுவனுக்கு விதைப்பையில் சிறு கீறல்தான். பெரும்பாலும் தைக்காமலே விட்டுவிடுவார்கள், தானே மூடிக்கொள்ளும். இதை அறியாத அப்பா செல்போன் டார்ச்சுடன் வெகுநேரம் வாலைத் தூக்கிப் பார்த்தார். போதாததற்கு, லேசான வீக்கத்தால் அவ்விடம் முன்பு போலவே தெரிய, “ஆபரேஷன் பண்ணாங்களா, சும்மா பில் போட்டாங்களா?” என்றொரு ஐயம் கிளம்பிற்று. இவ்வையம் உலகப் பொதுவானது. ஓரிரு நாளில் வீக்கத்தோடு வடியும். வீக்கம் கூடிக்கொண்டே போனாலோ, சீழோ ரத்தமோ கசிந்தாலோ, ஈறு வெளுத்தாலோ ஆய்வை மூடிவைத்துவிட்டு ஆட்டோ பிடிக்க வேண்டும்.

இனி வலி. மனிதருக்குத் தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடு வகுத்தார். பூனைக்கு ஐந்து போதும் என்கிறது, கனடாவின் மாண்ட்ரியால் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட முகக்குறி அளவுகோல்: காது, கண், மூஞ்சி, மீசை, தலை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். 10-க்கு 4 தொட்டால் வலிமருந்து பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். குர்குர் ஒலிக்கு மதிப்பெண் கிடையாது. வலியிலும் பூனை குர்குர்க்கும். அக்கா 1 போட்ட கிட்டுவுக்கு அப்பா 7 போட்டார். விசாரித்ததில், குட்டி தூங்கும்போது போட்டிருக்கிறார். தூங்கினால் யாருக்குத்தான் கண் இடுங்காது?

“கால் பாராசிட்டமால் கரைச்சு ஊத்தேன்” என்ற பாட்டியின் பரிந்துரை மட்டும் நகைச்சுவைக்கு உரியதன்று. அம்மருந்தை முறிக்கும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குப் போதாது. ஒரே மாத்திரை உயிரைக் குடித்துவிடும். மஞ்சள் பற்றும் நிராகரிக்கப்பட்டது. பாட்டி ஒரு வேளை யாரோடும் பேசவில்லை.

இத்துறையின் மையச் சிக்கலுக்கு வருவோம். ஓடுவது, தாவுவது, தன்னைத்தானே நக்கிச் சுத்தம் செய்வது ஆகியவை குட்டி தேறியதற்கான அடையாளங்கள். ஒரு வாரம், பத்து நாள் விடவே கூடாதென்று சீட்டு தடுப்பவையும் இவையேதாம். குட்டி சுருண்டு கிடந்தால் வீட்டாருக்குக் கவலை. ஃப்ரிட்ஜ் மேல் ஏறினால் பெருங்கவலை. மகிழ்ச்சிக்கென்று ஒரு நிலையைச் சீட்டு எழுதியவர் யோசிக்கவே இல்லை.

நக்குவதைத் தடுப்பது கழுத்தில் மாட்டும் கூம்பு. முதலாம் எலிசபெத் காலத்துச் சீமான்கள் பெருமைக்கு அணிந்த கழுத்து மடிப்பின் வாரிசு அது; கிட்டுவிடம் அப்பெருமிதம் தென்படவில்லை. பின்பக்கமாகவே நடந்து போனால் கூம்பிலிருந்து வெளியேறிவிடலாம் என்ற கருதுகோளை அது சோதித்தது. பீரோ இடித்ததும் திசையை மட்டும் மாற்றிக்கொண்டது. புண்ணில் ஒட்டாதிருக்க, லிட்டர் ட்ரேயில் மணலுக்குப் பதில் கிழித்த நாளிதழ் போட்டதில், தலையங்கப் பக்கத்தையே அது விரும்பியது. இதன் அரசியல் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

ஒன்று விடுபட்டது. வயதுவந்த கடுவனானால், விதை நீக்கிய பிறகும் சில வாரங்களுக்குக் குட்டி கொடுக்கும் திறன் மிஞ்சியிருக்கக்கூடும். கிட்டு வயதுவந்ததா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. வரவில்லை என்பது அப்பா கட்சி. எதிர்வீட்டு மாமி தம் வெள்ளைப் பூனையை உள்ளே வைத்துக் கதவைத் தாழிட்டு, மாற்றுக் கட்சியை ஆதரிக்கிறார்.