விஷத்துக்கு ஒன்றரை ஆண்டு அவகாசம்

2022 பிப்ரவரி 28 இரவு வரை ஐரோப்பியக் கடைகளில் அது வாசனை. மணி பன்னிரண்டு அடித்ததும் விஷம். பாட்டில் மாறவில்லை, உள்ளே இருந்த திரவமும் மாறவில்லை. நாள்காட்டியில் ஒரு தாள் கிழிந்தது, அவ்வளவுதான். அதுவரை தேய்த்துக் குளித்தவர்களுக்கு என்ன பதில்? அதற்கெல்லாம் சட்டத்தில் ஒரு வரியும் கிடையாது.

அந்த மகானின் பெயர் லிலியால். ஐரோப்பியக் காடுகளில் பூக்கும் 'லில்லி ஆஃப் தி வேலி'யின் மணத்தைத் தரும் செயற்கை வேதிப்பொருள். அசல் பூவிலிருந்து வியாபாரத்துக்குக் கட்டுப்படியாகும்படி தைலம் எடுக்க முடியாது. ஆகவே ஆய்வகத்தில் பூத்த பூ ஷாம்பு, சோப்பு, கிரீம், டியோடரண்ட் என்று எங்கும் மணந்தது. அசல் செடியோ இலை முதல் பழம் வரை நஞ்சு. நகலும் குலப்பெருமையைக் காப்பாற்ற வேண்டாமா?

எலிகளிலும் நாய்களிலும் நடந்த சோதனைகள், அது ஆண் இனப்பெருக்க உறுப்புகளைப் பாதிப்பதைக் காட்டின. ஐரோப்பிய ஆணையத்தின் நுகர்வோர் பாதுகாப்பு அறிவியல் குழு 2019இல் சொன்னது இது: குறிப்பிட்ட அளவுக்குள் ஒவ்வொரு பொருளும் தனித்தனியே பாதுகாப்பானது, எல்லாவற்றையும் சேர்த்துப் பயன்படுத்தினால் அப்படிக் கருத முடியாது. ஷாம்பு உத்தமர், சோப்பு உத்தமர், கிரீமும் உத்தமர். அப்புறம் குற்றவாளி யார்? ஒரே காலையில் தலையையும் உடம்பையும் முகத்தையும் கவனித்துக்கொண்ட நீங்கள்தான்!

2020 ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியம் அதை இனப்பெருக்கத்துக்குக் கேடு தரும் நஞ்சு, 1பி வகை என்று அரசிதழில் அச்சிட்டது. உடனே தடையா? அவசரப்படலாமா! 2022 மார்ச் 1 முதல்தான் அமல். நடைபாதையில் கடை போட்டவனுக்கு ஒன்றரை மணி நேரம் தராத உலகம், கருவளத்தைக் கெடுக்கும் என்று தானே எழுதிவைத்த பொருளுக்கு ஒன்றரை ஆண்டு தந்தது. கிடங்கு காலியாக வேண்டுமே. மிச்சச் சரக்கை யார் தலையில் கட்டுவது? ஷாம்பு என்பதால் அந்தச் சிரமமும் இல்லை, வாங்கியவர்களே தேய்த்துக்கொண்டார்கள்.

2005 முதலே ஒவ்வாமைப் பொருள் என்று உறையில் பெயர் போட்டார்களே என்பீர்கள். போட்டார்கள், 'பியூட்டைல்ஃபினைல் மெத்தில்புரொபியோனல்' என்று, பொடி எழுத்தில். பிள்ளையைக் குளிப்பாட்டும் தாய் முதலில் வேதியியலில் முதுகலை முடித்திருக்க வேண்டும் போலிருக்கிறது. தடைக்குப் பிறகும் அது கலந்த பொருள்கள் ஐரோப்பியச் சந்தையில் பிடிபட்டுக்கொண்டே இருந்தன. அமெரிக்காவில் அப்படி ஒரு தேசியத் தடையே வரவில்லை. 'ஃபிராக்ரன்ஸ்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒளிந்துகொள்ளலாம். நம் ஊர் சோப்பு உறைகளிலும் 'பெர்ஃப்யூம்' என்று பலகை மாட்டியிருக்கிறது. உள்ளே குடியிருப்பது யார் என்பது வியாபார ரகசியம். உடம்பு நம்முடையது, ரகசியம் அவர்களுடையது!

நஞ்சு என்று தெரிந்த நாளே தடை நாளாக இருக்க வேண்டும். வாசனைக்குள் என்னென்ன இருக்கிறது என்று சொல்லாத பொருளை வாங்காதீர்கள். அறிவியல் சொல்லி மண்டையில் ஏறாதது, விற்பனை சரிந்தால் ஏறும்.