இன்மை இலக்கணம்: மலிவு மதர்போர்டில் ஓவர்கிளாக்கிங் காணாமற்போனது பற்றி ஓர் ஆராய்ச்சி

தரையில் குடம் இல்லை என்று சொல்லும்போது நம் கண் எதைப் பார்க்கிறது? தரையையா, இல்லாத குடத்தையா? தருக்க நூலார் பல நூற்றாண்டுகள் மல்லுக்கட்டிய கேள்வி இது. கடைசிவரை குடத்தையே வைத்துக்கொண்டு மல்லாடினார்கள். அவர்கள் கையில் ஒரு மலிவு விலை மதர்போர்டு கிடைத்திருந்தால் தருக்க சாத்திரம் இன்னும் இரண்டு அத்தியாயம் நீண்டிருக்கும். அந்தக் குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்களம்: ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், பதினொரு இரவுகள். ஆய்வுப்பொருள்: சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய ஒரு மதர்போர்டும், அதன் பயாஸ் என்னும் அமைப்புத் திரைக்குள் இருந்தே தீரவேண்டும் என்று ஆய்வாளர் நம்பிய ஓவர்கிளாக்கிங் பக்கமும். ஆய்வறம் கருதி, பலகையைச் செய்தவர், விற்றவர் பெயர்கள் மறைக்கப்பட்டுள்ளன. ஆய்வாளரின் மனைவி பெயரும் விடப்பட்டுள்ளது. அது அவரே கேட்டுக்கொண்டது.

முதலில் சொல்லாராய்ச்சி. ஓவர்கிளாக்கிங்கை ‘மிகைக்கடிகாரம்’, ‘காலமீறல்’ என்றெல்லாம் தமிழாக்கிப் பார்த்தேன். முன்னது சுவரில் மாட்டும் பொருளாகவும் பின்னது தவணை கட்டாத குற்றமாகவும் ஒலித்தன. ஆகவே சொல் வந்த கோலத்திலேயே நிற்கட்டும்.

பொருள் கச்சேரி கேட்டவர்களுக்கு எளிது. பலகை ஒரு தாளம் போடுகிறது. இக்கால இன்டெல் பலகைகளில் அது நொடிக்குப் பத்துக் கோடித் தட்டு, அதாவது 100 மெகாஹெர்ட்ஸ். பிராசஸர், ஒரு தட்டுக்கு இத்தனை மடங்கு என்று பெருக்கிக்கொண்டு பாடுகிறது. பெருக்கி 36 என்றால் வேகம் 3.6 கிகாஹெர்ட்ஸ். இதைக் கூட்டுவதே ஓவர்கிளாக்கிங். அதற்கு வழி இரண்டு. தாளத்தையே விரட்டலாம், அல்லது தாளத்தை அப்படியே விட்டுவிட்டுப் பாடகரை மட்டும் மேல்காலத்துக்கு அனுப்பலாம். பின்னதுதான் நாகரிகம். முன்னதில் மிருதங்கக்காரரும் வயலின்காரரும் சேர்ந்து ஓடவேண்டியிருக்கும். 2011 ஜனவரியில் சாண்டி பிரிட்ஜ் பிராசஸர்கள் வந்தபோது இன்டெல் பக்கவாத்தியங்கள் எல்லாவற்றையும் தாளத்தோடு ஒரே கயிற்றில் கட்டிவிட்டது. தாளத்தைச் சில சதவீதம் ஏற்றினாலே ஹார்ட் டிஸ்க்குக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. மிச்சமிருந்த வழி பெருக்கி. அதைத் தாராளமாக ஏற்றும் உரிமை, பெயரின் கடைசியில் ‘கே’ என்ற எழுத்தைத் தாங்கிய பிராசஸர்களுக்குப் போயிற்று.

பாடகர் தயாரானால் போதாது, சபாவும் ஒப்பவேண்டும். சபா இங்கே சிப்செட். 2011இன் தொடக்கத்தில் பி67 பலகையில் வேகம் ஏற்றலாம், ஆனால் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் வேலை செய்யாது. எச்67இல் படம் வரும், பெருக்கி ஏறாது. இரண்டும் வேண்டுமென்றவர்கள் மே மாதம் இசட்68 வரும்வரை பொறுத்திருந்தார்கள். அன்று முதல் இன்டெல் உலகில் ‘இசட்’ என்பது ஓரெழுத்தொருமொழி. பொருள்: அனுமதி. எழுத்து, சொல், பொருள் என்று நம் இலக்கணிகள் வரிசை வைத்தது காரணமில்லாமல் அல்ல. நான் எழுத்ததிகாரத்தைப் புரட்டாமலேயே பொருளதிகாரத்துக்குள் நுழைந்தேன். பொருள் போயிற்று.

இல்லாமையை ஆராயுமுன் இருந்த காலத்தையும் சொல்லிவிட வேண்டும். 1998இல் செலரான் 300ஏ என்று ஒரு மலிவு பிராசஸர் வந்தது. பெருக்கி 4.5இல் பூட்டியிருந்தது. ஆனால் தாளத்தை 66இலிருந்து 100க்கு ஏற்றினால் 450 மெகாஹெர்ட்ஸில் பாடும். அதே ஆண்டு வந்த உச்ச விலைப் பென்டியம் 2இன் வேகம் அது. 2000இல் வந்த ஏ.எம்.டி.யின் அத்லான், டியூரான்களில் பூட்டு பிராசஸரின் மேற்பரப்பிலேயே, கண்ணுக்குத் தெரியும் சிறு பாலங்களாக இருந்தது. அறுந்த பாலத்தின் மேல் பென்சிலால் ஒரு கோடு இழுத்தால் கிராஃபைட் வழியே மின்சாரம் ஓடும், பெருக்கி திறந்துகொள்ளும். ஒன்றாம் வகுப்பில் கோடு போடக் கற்றது நேரடியாகப் பயன்பட்ட அரிய தருணம் அது. பிறகு 2010இல் இன்டெல் ஒரு சோதனை செய்தது. பென்டியம் ஜி6951 வாங்கியவர், இன்னொரு 50 டாலர் கொடுத்து ஓர் அட்டை வாங்கிக் குறியீட்டைப் பதித்தால், அதே பிராசஸருக்குள் ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருந்த கேஷ் நினைவகமும் ஹைப்பர்த்ரெடிங்கும் கண் விழிக்கும். பெட்டிக்கடை ரீசார்ஜ் கூப்பனேதான். வீட்டை விற்றுவிட்டு, பின்கட்டு அறையின் சாவியைத் தனியாக விற்பதா என்று பலரும் முகம் சுளித்தார்கள், திட்டம் நிலைக்கவில்லை. சாவி விற்பதுதான் நின்றது, அறையைப் பூட்டுவது நிற்கவில்லை என்பது இவ்வாய்வாளர் துணிபு.

இனி இன்மை. தருக்க நூலார் அதை நான்காக வகுப்பர்.

எளியதை முதலில் பார்ப்போம். குடம் துணி அன்று. இது ஒன்றின் ஒன்று இன்மை. நாம் தேடும் பெயர் அங்கே இல்லை, பொருள் வேறு பெயரில் வீற்றிருக்கிறது. ஊருக்கு ஊர் அம்மனுக்குப் பெயர் வேறு என்பதுபோல, ஆசுஸில் ஏஐ ட்வீக்கர், ஏஎஸ்ராக்கில் ஓசி ட்வீக்கர், கிகாபைட்டில் முன்பு எம்.ஐ.டி., பின்பு வெறும் ட்வீக்கர். போதாக்குறைக்கு, பயாஸ் இப்போதெல்லாம் ‘ஈசி மோட்’ என்ற திண்ணையிலேயே நம்மை உட்காரவைத்து மோர் கொடுத்து அனுப்பிவிடுகிறது. பல பலகைகளில் எஃப்7ஐ அழுத்தினால்தான் வீட்டுக்குள் போகமுடியும். முதல் இரண்டு இரவும் நான் திண்ணையிலேயே இருந்து, காற்றாடி சுழலும் படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன் என்பதை ஆய்வு நேர்மை கருதிப் பதிவு செய்கிறேன்.

இவ்வகையில் ஒரு கிளை உண்டு: பெயர் இருக்கும், ஆனால் சாம்பல் பூத்திருக்கும், தேர்ந்தெடுக்க முடியாது. இதைக் குற்றியலுகரத்தோடு ஒப்பிடலாம். எழுத்து முழுசாக நிற்கும். ஒலிக்கும்போது அரை மாத்திரை. பூட்டிய பிராசஸரை இசட் பலகையில் செருகியவர் இந்த அரை மாத்திரையைக் காண்பார்.

அடுத்தது முன் இன்மை. மண் இருக்கிறது, குயவர் இன்னும் வனையவில்லை. 2014இல், பென்டியம் என்ற பெயர் வந்து இருபதாண்டுக்கு மேல் ஆனதைக் கொண்டாட இன்டெல் ஜி3258 என்ற பிராசஸரை 72 டாலருக்குப் பூட்டில்லாமல் விட்டது. முறைப்படி அதை வேகமேற்ற இசட் பலகை வேண்டும். ஆனால் பலகை செய்பவர்கள் பயாஸ் அப்டேட் ஒன்றை வெளியிட, எச்81 போன்ற அடித்தட்டுப் பலகைகளிலும் பெருக்கி முளைத்தது. நேற்றுவரை இல்லாத பக்கம் இன்று இருந்தது. ஒரு திருகாணியும் மாறவில்லை.

இதைப் படித்த பிறகே ஏழாம் இரவு நானும் பயாஸ் அப்டேட்டில் இறங்கினேன். பாதியில் கரண்ட் போனால் பலகை செங்கல்லாகிவிடும் என்பதால் வீட்டில் மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி, மோட்டார் மூன்றுக்கும் தடை விதிக்கப்பட்டது. அன்றைய இட்லிக்குச் சட்னி இல்லை, பொடிதான். அப்டேட் நூறு சதவீதம் முடிந்தது. புதிய பயாஸில் முகப்புப் படத்தின் நீலம் சற்று அடர்ந்திருந்தது. வேறு மாற்றம் காணப்படவில்லை.

மூன்றாவது அழிவுபாட்டு இன்மை: இருந்த குடம் உடைந்தது. 2015இன் இறுதியில், ‘கே’ இல்லாத ஸ்கைலேக் பிராசஸர்களையும் தாளத்தை விரட்டி வேகமேற்றும் பயாஸ்களைச் சிலர் வெளியிட்டார்கள். ஏஎஸ்ராக் அதற்கு ‘ஸ்கை ஓசி’ என்று பெயரே சூட்டியது. 2016 பிப்ரவரிக்குள் இன்டெல் தலையிட, அடுத்த அப்டேட்டில் அந்தப் பக்கம் மறைந்தது. கடமை தவறாமல் அப்டேட் செய்தவர் இழந்தார், சோம்பேறி காப்பாற்றிக்கொண்டார். ‘புதுப்பித்தல்’ என்ற சொல்லுக்கு நிகண்டில் ‘பறித்தல்’ என்றும் ஒரு பொருள் சேர்க்கவேண்டும்.

நான்காவது, முழுதும் இன்மை. முயற்கொம்பு. ஏ.எம்.டி.யைப் பாருங்கள்: 2017 முதல் ரைசன் பிராசஸர்களுக்குப் பொதுவாகப் பெருக்கிப் பூட்டே கிடையாது, பாடகர்கள் எல்லோரும் தயார். பி350 சபா கதவைத் திறந்தது, ஏ320 திறக்கவில்லை. பின்னர் வந்த ஏ520, ஏ620 தம்பிகளும் அண்ணன் வழி. ராம் விஷயத்திலும் இதே கதை. 2020இன் பி460 பலகையில் பத்தாம் தலைமுறை ஐ5 போட்டால், பெட்டியில் 3200 என்று அச்சிட்ட ராம் 2666இல்தான் நடக்கும். அடுத்த ஆண்டு பி560 வந்தபோதுதான் அந்தத் தட்டுக்கு ராம் வேகமேற்றம் கிடைத்தது. தேடுபவர், ராமைப் பெட்டியில் அச்சிட்ட வேகத்துக்கு ஏற்றும் எக்ஸ்எம்பி என்ற சொல்லாவது கண்ணில் படுகிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும். ஏழைக்கு அதுவே பெரிய வரம்.

ஒன்பதாம் நாள் பலகையைத் தூக்கிக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைத்தம்பி பெட்டியைத் திறக்கவே இல்லை. மேலிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தார்.

“அண்ணே, இது பேசிக் போர்டு. இதுல ஓசி வராது. ஒளிஞ்சிலாம் இல்ல, கெடயவே கெடயாது. அன்னிக்கே கேட்டேனே, இசட்டா சாதாவான்னு?”

கேட்டார். உண்மை. தோசைக்குச் சொல்வதுபோல் நான்தான் “சாதா” என்றேன்.

இங்கே ஒரு மறுப்புரையை எதிர்கொள்ள வேண்டும். மலிவுப் பலகையில் விஆர்எம் பலவீனம். மின்பெட்டி தரும் 12 வோல்ட்டை பிராசஸர் குடிக்கும் ஒரு வோல்ட் சொச்சத்துக்கு இறக்கித் தரும் அந்தப் பகுதிக்குத் தலையில் ஒரு வெப்பத்தகடுகூட இருக்காது. வேகத்தோடு வோல்ட்டேஜையும் ஏற்றினால் சூடு எகிறும். ஒற்றை அடுப்பில் கல்யாணச் சமையல் செய்யலாமா என்பர் மறுப்பார். நியாயம்தான், பாதி. ஆனால் கனத்த வெப்பத்தகடுகளைக் கிரீடமாகச் சூட்டிக்கொண்ட பி660 பலகைகளும் சந்தைக்கு வந்தன. அவற்றிலும் பெருக்கிக்குப் பூட்டுதான். அடுப்பு எட்டு இருந்தும் ‘கல்யாணச் சமையல் இல்லை’ என்று பலகை மாட்டியிருந்தால், காரணம் அடுப்பில் இல்லை. பக்கத்திலேயே கல்யாண மண்டபம் நடத்துபவரும் அந்தப் பலகையை மாட்டியவர்தான் என்று கொள்க.

கடைத்தம்பி சொன்ன பிறகும் ஆய்வு நிற்கவில்லை. முழுதும் இன்மையைக் கண்ணால் கண்டவன் எவனுமில்லை என்பதால், பத்தாம் இரவு பென்சிலோடு பலகையைச் சுற்றிவந்தேன். கோடு போட இடம் கிடைக்கவில்லை. பதினோராம் இரவு கடைசி மருந்து: மின்சாரத்தைப் பிடுங்கி, சீமாஸ் பேட்டரியைக் கழற்றி, அரை மணி நேரம் கழித்து மாட்டுவது. வட்டமாக, எட்டணாக் காசு போல இருக்கும் மூன்று வோல்ட் பேட்டரி. பயாஸ் பழசையெல்லாம் மறந்து, மறைத்து வைத்ததையும் மறதியில் காட்டிவிடும் என்பது எதிர்பார்ப்பு.

அது மறந்தது தேதியைத்தான். காலையில் மனைவி கரண்ட் பில் கட்ட உட்கார்ந்தபோது கம்ப்யூட்டர் சில ஆண்டுகள் பின்னால் வாழ்ந்துகொண்டிருந்தது. தேதி தப்பாக இருப்பதால் இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று ப்ரௌசர் பக்கத்தைத் திறக்க மறுத்துவிட்டது.

“வேகமா ஓடும்னீங்க. பின்னாடி ஓடுதே?” என்றார்.

மறுபடி டெலீட் கீயைத் தட்டி உள்ளே போனேன். திண்ணையைத் தாண்டி, முதல் பக்கத்திலேயே இருந்தது: தேதி, நேரம். சாம்பல் பூக்கவில்லை. ஆண்டின் மேல் நின்று கூட்டல் குறியை அழுத்தினேன். ஏறியது. இன்னொருமுறை அழுத்தினேன். ஏறியது. அந்தப் பலகையில் ஏற்றுவதற்கு எனக்கு அனுமதி இருந்த ஒரே கடிகாரம் அதுதான்.