எக்ஸ்ட்ரா சாம்பார்

சென்னையில் ஞாயிறு காலை எட்டரை மணிக்குப் பேர்பெற்ற டிபன் கடை ஒன்றின் வாசலைப் பார்த்தவர்கள், உள்ளே வெள்ள நிவாரணம் கொடுக்கிறார்கள் என்றே நினைத்திருப்பார்கள். பெயர் கொடுத்துவிட்டு முக்கால் மணி நேரம் நின்ற குடும்பத்துக்குக் கடைசியில் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் மேசை கிடைத்தது. உட்கார்ந்த மறுநொடி, அடுத்துச் சாப்பிட வேண்டியவர்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்கள்.

இட்லிக்குப் பெரிய ரகசியம் எதுவும் கிடையாது. நாலு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து, ஓர் இரவுப் புளிப்பு. அந்த இரவைத்தான் சமையலறை மிச்சம் பிடித்திருந்தது. சோடா உப்பு வாயில் தெரிந்தது. தேங்காய்ச் சட்னியில் பொட்டுக்கடலைதான் கதாநாயகன்.

சாம்பார் கிண்ணத்தில் இட்லியின் ஓரம்கூட முங்கவில்லை.

“தம்பி, இன்னும் கொஞ்சம் சாம்பார்” என்றார் தாத்தா.

“எக்ஸ்ட்ராவுக்கு பில் ஆகும் சார்.”

தாத்தா திருவல்லிக்கேணிக்காரர். அங்கே 1948இல் தொடங்கிய ரத்னா கபேயில் இட்லி மூழ்குமளவு சாம்பார் ஊற்றுவார்கள். இத்தனைக்கும் அதை ஆரம்பித்தவர் வடநாட்டுக்காரர்!

பில்லில் மத்திய அரசுக்கு 2.5 சதவீதம், மாநில அரசுக்கு 2.5 சதவீதம் ஜிஎஸ்டி. அந்த எக்ஸ்ட்ரா சாம்பாரில் இரண்டு அரசுகளுக்கும் சரிபங்கு. தாத்தாவுக்குக் கிடைத்தது ஒன்றரைக் கரண்டி.