கூட்டாளியை சர்வீஸ் விட்டியா?

ஏலே பேராண்டி, புல்லட்டுல காஷ்மீருக்குப் போறியாமே! டீக்கடை பூராவும் இதே பேச்சு. பின்னால உன் கூட்டாளியையும் ஏத்திக்கிட்டு ஸ்ரீநகர், கார்கில், லேன்னு அங்கிட்டு கர்துங்லா கணவாய் வரைக்கும் திட்டமாம்ல. நல்லது அய்யா. தாத்தன் குறுக்கே விழுந்து மறிப்பான்னு நெனைக்காதே. மறிக்கிற வயசு எனக்கு முடிஞ்சு போச்சு. கேலி பண்ற வயசு மட்டுந்தான் பாக்கி கெடக்கு.

மொதல்ல வழியைச் சொல்லிருதேன். போனுக்குள்ள இருந்து ஒரு பொம்பள பேசுறாளே, அவளைத் தொந்தரவு பண்ண வேண்டாம். ஏழாயிரம்பண்ணையில கெளம்பு, சாத்தூர் போ, நாலுவழிச் சாலையில ஏறு. வலதுபக்கம் திரும்பினா கன்னியாகுமரி, இடதுபக்கம் திரும்பினா காஷ்மீர். அம்புட்டுத்தான். மதுரை, சேலம், பெங்களூர், ஹைதராபாத், நாக்பூர், டெல்லி எல்லாம் அந்த 44-ம் நம்பர் ரோட்டு மேலயே வரிசையா நிக்கும். 2010-ல நம்பர் மாத்துறதுக்கு முந்தி அதுக்குப் பேரு 7-ம் நம்பர் ரோடு. மேல போயி காசியில முடியும். எங்க காலத்துல சாத்தூர்ல அந்த ரோட்டைப் பிடிச்சவன் பாவத்தைத் தொலைக்கப் போனான். நீ தவணை முடியாத வண்டியில லீவைத் தொலைக்கப் போற.

லீவுன்னதும் ஞாபகம் வருது. எத்தனை நாள் கேட்டிருக்க? பத்து. சாத்தூர்ல இருந்து ஸ்ரீநகருக்கு ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். அங்கிருந்து லேக்கு இன்னொரு 420. பின்னால ஆளை வச்சுக்கிட்டு ஒரு நாளைக்கு 400 கிலோமீட்டருக்கு மேல ஓட்டுறவனுக்கு ராத்திரி குனிஞ்சு செருப்பைக் கழட்ட இன்னொரு ஆள் வேணும். ஆக, போய்ச் சேரவே பத்து நாள். பெறகு திரும்பி வாரதுக்கு என்ன யோசனை வச்சிருக்க? ரயில்வே பார்சல் ஆபீஸ்ல வண்டியோட சேர்த்து உன்னையும் சாக்கைச் சுத்தி அனுப்பச் சொல்லுவியோ?

காலமும் நம்ம ஊருக்குத் தோதா அமையல. நம்ம பக்கத்துப் பயராபீஸ்காரனுக்கு, அதான் பட்டாசு ஆலையில வேலை பாக்கிறவனுக்கு, நிம்மதியா லீவு கெடைக்கிறது தீபாவளி முடிஞ்ச பெறகு. அங்க என்னடான்னா, அதுக்குள்ள பனி விழ ஆரம்பிச்சிரும். மணாலியில இருந்து லே போற ரோட்டைக் குளிர்காலம் பூராவும் அடைச்சிருவாக. ரோடு நல்லா இருக்கிற ஆனி, ஆடியில இங்க ஆர்டர் கழுத்தை நெரிக்கும். தீபாவளியைத் தள்ளி வைக்க முடியாது, இமயமலையையும் தள்ளி வைக்க முடியாது. உன் முதலாளிகிட்டத்தான் பேசிப் பாக்கணும். ஆடி மாசம் ஒரு மாசம் லீவு கேளு. அவர் மூஞ்சி போற போக்கைப் பாத்துட்டேன்னா, பெறகு எந்தக் கணவாயைப் பாத்தும் உனக்குப் பயம் வராது.

சரி, வண்டி. சர்வீஸ் விட்டாச்சுன்ன. எண்ணெய் மாத்தியாச்சு, சங்கிலி மாத்தியாச்சு, பிரேக் கட்டை புதுசு. டயருக்கடியில எலுமிச்சம்பழமும் வைப்ப. பழம் வைக்கக் குனியிறப்பவே டயர்ல காத்து இருக்கான்னும் பாத்துக்கோ, ஒரே குனிவுல ரெண்டு வேலை முடியும். எல்லாஞ் சரி. ஒண்ணு கேக்கேன், கூட்டாளியை சர்வீஸ் விட்டியா?

சிரிக்காதே. இந்தப் பயணத்துல வண்டி கெட்டுப்போனா வழிநெடுக மெக்கானிக் உண்டு. அந்தப் புல்லட்டே 1955-ல மெட்ராஸ்ல கம்பெனி கூடி, திருவொற்றியூர்ல செஞ்சு, எல்லைக்காவலுக்குன்னு ராணுவம் வாங்கின சாதிதான். மலையெல்லாம் அதுக்குப் பழக்கம். உனக்குப் பின்னால உக்காரப் போறானே, அவன் எந்த மலைக்குப் பழக்கம்? திருவேங்கடம் போற பஸ்ஸுல ஜன்னலோரம் கெடைக்கலைன்னு ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்ச பய. அவன் கெட்டுப்போனா எந்த ஒர்க்ஷாப்புல கொண்டு போய் விடுவ?

அதுக்கு ஒரு பரிச்சை இருக்கு. சித்திரை வெயில்ல ஒரு நாள் விடியக்காலம் கெளம்பி அருப்புக்கோட்டை, ராமநாதபுரம் வழியா ராமேஸ்வரம் போயிட்டு அன்னைக்கே திரும்பி வாங்க. சாமி கும்பிடுறது உன் இஷ்டம். கூட்டாளியைக் கவனிக்கிறது கட்டாயம். ஒவ்வொரு பனைமரத்துக்கும் வண்டியை நிறுத்திப் போட்டோ எடுக்கச் சொல்லுதானா? ‘இன்னும் எம்புட்டு தூரம்’னு மைல்கல்லுக்கு மைல்கல் கேக்கானா? டயர் பஞ்சரானா ஸ்பேனரை எடுக்கானா, போனை எடுத்து வீடியோ பிடிக்கானா? டீக்கு யாரு காசு குடுக்கா? இதுல பாஸானா அவனைக் காஷ்மீருக்குக் கூட்டிட்டுப் போ. இல்லைன்னா குத்தாலத்தோட நிறுத்திக்கோ, சிநேகமாவது மிஞ்சும். அவனும் அன்னைக்கு உன்னைக் கவனிப்பான்கிறதை மறந்துராதே. லாரிக்காரன் ஒருத்தன் முந்திட்டான்னு நீ ரோஷத்துல விரட்டுறதை அவன் முதுகுக்குப் பின்னால இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருப்பான். அந்தப் பரிச்சையில மார்க்கு போடுறவன் அவன்.

ஆளும் மூட்டையும் ஏறிட்டா வண்டியோட புத்தியே மாறும். பாரவண்டி அடிச்சவனுக்கு இது தெரியும்: பின்பாரம் கூடிப்போனா நுகத்தடி மாட்டுக் கழுத்தை விட்டு மேல தூக்கும். அதே கதைதான் உன் புல்லட்டுலயும். முன்சக்கரம் லேசாயிரும், ஹேண்டில் சொன்ன பேச்சு கேக்காது. ராத்திரி உன் லைட்டு ரோட்டை விட்டுட்டு எதுத்தாப்ல வாரவன் கண்ணைத் தேடும். அதனால பின்டயருக்குக் காத்து கூட வைக்கணும். தனியா போனா எம்புட்டு, ரெண்டு பேர் போனா எம்புட்டுன்னு வண்டிப் புத்தகத்துலயே போட்டிருக்கான். கல்யாணப் பத்திரிகையை வரி விடாம படிக்கிற பய, அதையும் ஒரு தடவை புரட்டு. பின் ஷாக்கை இறுக்கி வை, லைட்டைக் கீழ இறக்கு, சங்கிலித் தொய்வை ஆள் ஏறின பெறகு பாரு. கனமான சாமானை மேல அடுக்கிக் கோபுரம் கட்டாதே. தாழ, ரெண்டு பக்கமும் சமமாத் தொங்கவிடு. பிரேக் பிடிச்சாலும் தனியா போறப்ப நிக்கிற இடத்துல நிக்காது, இன்னும் கொஞ்சம் போய்த்தான் நிக்கும். அந்தக் கொஞ்ச தூரத்துலதான் எமன் திண்ணை போட்டு உக்காந்திருக்கான்.

ஹெல்மெட் ரெண்டு வாங்கணும். உனக்கு நாலாயிர ரூபாய்ல ஒண்ணு, அவனுக்கு போலீஸ்காரனுக்குக் காட்டுறதுக்கு ஒரு பிளாஸ்டிக் சட்டின்னு வாங்கிராதே. விழுந்தா ரோடு ரெண்டு தலையையும் ஒரே மாதிரிதான் விசாரிக்கும். 2019-ல திருத்தின சட்டத்துல, தலைக்கவசம் இல்லைன்னா 1,000 ரூபா அபராதம், லைசென்சை மூணு மாசம் முடக்கவும் வழி இருக்கு. நம்ம ஊர்ல மாதிரி முழங்கையில மாட்டிக்கிட்டுப் போனா, முழங்கை பத்திரமா காஷ்மீர் போய்ச் சேரும், சந்தேகமே இல்ல.

நீ பிரேக் போடுற நேரமெல்லாம் அவன் ஹெல்மெட் உன் ஹெல்மெட்டுல ‘டங்’குனு முட்டும். மொத நாள் சிரிப்பு வரும், மூணாவது நாள் கோவம் வரும், அஞ்சாவது நாள் அந்தச் சத்தம் வரலையேன்னு பயம் வரணும். ஏன்னா பய தூங்கிட்டான்னு அர்த்தம். மத்தியானச் சோத்துக்குப் பெறகு, நாக்பூர் பக்கம் நேரா கெடக்கிற ரோட்டுல, பின்னால உக்காந்தவனுக்குத் தாலாட்டே வேண்டாம். துண்டை வச்சு இடுப்போட கட்டிக்கிறேன்னு கெட்டிக்காரத்தனம் பண்ணாதே. விழுந்தா சேர்ந்து விழுறதுக்குத்தான் அது ஒதவும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருக்க நிறுத்து. இறங்கி நட, தண்ணி குடி. தோள்ல ஒரு தட்டு தட்டினா ‘மெதுவா’, ரெண்டு தட்டு தட்டினா ‘நிறுத்து’ன்னு கெளம்புறதுக்கு முந்தியே பேசி வச்சுக்கோங்க. ரெண்டு தட்டுக்கு நிறுத்தாதவனுக்குக் கூட்டாளி எதுக்கு, மூட்டையே போதும்.

நீ போட்டிருக்க பனியன்ல தொப்பியும் தாடியுமா ஒருத்தர் இருக்காரே, அவர் யாருன்னு தெரியுமாலே? சே குவேரான்னு பேரு மட்டும் தெரியும். 1952 ஜனவரியில அர்ஜென்டினாவுல இருந்து அவரும் ஒரு கூட்டாளியும் ஒரே மோட்டார் சைக்கிள்ல தென் அமெரிக்காவைச் சுத்தக் கெளம்பினாக. அப்ப அவருக்கு 23 வயசு, டாக்டருக்குப் படிச்சுக்கிட்டிருந்த பையன். வண்டி அவருதில்ல! ஆல்பெர்ட்டோ கிரானடோங்கிற கூட்டாளியோட பழைய நார்ட்டன் 500. அதுக்கு ‘பலசாலி’ன்னு அர்த்தம் வர்ற மாதிரி பேரு வேற வச்சிருந்தாக. பலசாலி வழியெல்லாம் விழுந்து எந்திரிச்சு சிலி நாட்டுல மூச்சை விட்டுட்டான். பெறகு லாரி, கப்பல், தெப்பம்னு கெடைச்சதுல ஏறி, பெரு நாட்டுத் தொழுநோய் மருத்துவமனையில தங்கி வேலை பாத்து, ஜூலை மாசம் வெனிசுவேலா போய்ச் சேந்தாக. இவனுக்கு எப்படித் தெரியும்னு பாக்கியா? தீப்பெட்டி ஆபீஸ் சங்கத்துல இருந்தவன்லே நான், வாசகசாலைன்னு ஒண்ணு அப்ப இருந்துச்சு.

அதைச் சொன்னது எதுக்குன்னா, வண்டி செத்த பெறகுந்தான் அந்தப் பயணம் பாதிக்கு மேல நடந்திருக்கு. வண்டி போச்சு, கூட்டாளி இருந்தான், ஊர் சுத்தி முடிஞ்சது. கூட்டாளி போயி வண்டி மட்டும் மிஞ்சியிருந்தா, இன்னைக்கு உன் பனியன்ல யாரு படம் இருக்கும்? நார்ட்டன் படமா? உன் கூட்டாளியும் சும்மா உக்காந்து வர ஆள் இல்ல. ஓட்டுறவனுக்கு ரோட்டுக் குழி மட்டும்தான் தெரியும். நாட்டைப் பாத்துட்டு வாரவன் பின்னால உக்காந்தவன்தான். அதனால, அவனுக்கு லைசென்ஸ் இருந்தா பாதி நாள் அவன்கிட்ட ஹேண்டிலைக் குடு, நீ பின்னால போ. ‘என் வண்டியை யாருக்கும் குடுக்க மாட்டேன்’னா, திரும்பி வந்து ஊர்க்காரங்ககிட்ட லாரிகளோட பின்பக்கத்துல என்ன எழுதியிருந்துச்சுன்னு மட்டும் சொல்லு.

வெளிநாட்டுக் கதை எதுக்குன்னு கேப்ப. நம்ம சிவகாசிக் கதையே இருக்கு. அய்ய நாடார், சண்முக நாடார்னு ரெண்டு பேர், ஒண்ணுவிட்ட சகோதரங்க. 1922-ல கல்கத்தாவுக்குக் கெளம்பினாக. பாஷை தெரியாத சீமையில கெடந்து தீப்பெட்டித் தொழிலைக் கத்துக்கிட்டு வந்து இங்க ஆரம்பிச்சாக. மழையை நம்பி வானம் பாத்துக் கெடந்த இந்தக் கரிசக்காட்டுல, எத்தனை வீட்டு அடுப்பு அந்த ஒரு பயணத்துல எரிஞ்சிருக்குன்னு யோசி. பின்னால தனித்தனியாத் தொழில் வச்சாக; ஒருத்தர் அணில் மார்க்கு, இன்னொருத்தர் காக்கா மார்க்கு. ரெண்டும் பொழச்சுச்சு. நீங்க ரெண்டு பேரும் லேயில இருந்து என்னத்தக் கத்துக்கிட்டு வருவீகளோ! குறைஞ்சது செலவுக் கணக்காவது எழுதக் கத்துக்கிட்டு வாங்க. ஒரு நோட்டு போடுங்க. பெட்ரோல், ரூம், பரோட்டா, பஞ்சர்னு தினம் ராத்திரி ரெண்டு பேரும் உக்காந்து எழுதிட்டுப் படுங்க. ‘நமக்குள்ள என்ன கணக்கு’ன்னு ஆரம்பிக்கிற சிநேகமெல்லாம் கடைசியில ஊர்ப் பெரியவுக முன்னால கணக்குப் பாத்துத்தான் முடியும்.

இன்னொண்ணு. கர்துங்லா உச்சியில சிவகாசிச் சரவெடி கொளுத்தி வீடியோ போடணும்னு ஆசைன்னு காதுல விழுந்துச்சு. இந்த மண்ணுல பொறந்த பய படுற ஆசையாலே அது? மருந்து மூட்டை பக்கத்துல செருப்பைத் தேய்ச்சு நடக்காதேன்னு வளத்த ஊரு இது. பெட்ரோல் டாங்குக்கும் சூடான புகைக்குழாய்க்கும் நடுவுல வெடியை வச்சுக்கிட்டுப் போனா, கர்துங்லா போக மாட்டீக, எதிர்த்திசையில கெடக்கிற கயத்தாறு வரைக்கும் போய்ச் சேருவீக, துண்டு துண்டா. காராச்சேவு கட்டிக்கிட்டுப் போ, கோவில்பட்டிக் கடலை மிட்டாய் கட்டிக்கிட்டுப் போ. வெடிக்காது, பல்லு மட்டும்தான் போகும்.

அந்தக் கர்துங்லா உச்சியில ஒரு பலகை இருந்துச்சாம், 18,380 அடின்னு. அளந்து பாத்தவுக 17,582-ன்னு சொல்லுதாக. நம்ம ஊர் பிளெக்ஸ் பேனர் புத்தி அங்கயும் போயிருக்கு, விடு. குறைஞ்ச அடியிலயும் மூச்சு முட்டத்தான் செய்யும். லேயே 11,500 அடி. போன அன்னைக்கே மேல ஏறாதே. ரெண்டு நாள் சும்மா படுத்துக் கெட, அது உனக்கு நல்லா வரும். தலைவலி, வாந்தி, தள்ளாட்டம்னா வீரம் பேசாம கீழ இறங்கணும். கூட்டாளி மூஞ்சி உனக்குத் தெரியாது, முதுகுக்குப் பின்னால இருக்கான். அதனால அடிக்கடி பேச்சுக் குடு. பதில் குழறினா வண்டியைத் திருப்பு. நம்ம ஊரு பிரீபெய்டு சிம்மு அங்க செல்லாது, போஸ்ட்பெய்டு வாங்கிக்கோ. ‘டவர் கெடைக்கல தாத்தா’ன்னு சொல்லித் தப்பிக்க முடியாது.

கார்கில் பக்கம் காய்ஞ்ச சர்க்கரைப் பாதாமி கெடைக்குமாம். பல்லு இல்லாதவனும் ஊறவச்சுத் திங்கலாமாம். ஒரு கிலோ வாங்கிட்டு வா. காசு நான் தாரேன், ஆனா ஒரு நிபந்தனை: ரெண்டு பேரும் சேர்ந்து வந்து என் கையில குடுக்கணும். நீ ஒரு தெரு வழியா, அவன் ஒரு தெரு வழியா வந்து அரைக் கிலோ, அரைக் கிலோன்னு நீட்டினீகன்னா, வாங்கித் தின்னுருவேன். காசு மட்டும் தர மாட்டேன்.