மழையைத் தன் பேருக்கு எழுதி வாங்கின ஆயர்

வாடா மருமகனே, உக்காரு. செத்த பிறகும் உன் பேரு ஊர் வாயில நிக்கணுமாமே? அதுக்காக இப்பவே உன் வாழ்க்கை வரலாற்றை நீயே எழுதுறியாம். அதைக் கிழிச்சுப் போடு முதல்ல.

இங்கிலாந்துல வின்செஸ்டர்னு ஒரு ஊரு. 852-லேருந்து பத்து வருஷம் போல அங்கே சுவிதுன்னு ஒருத்தர் ஆயரா இருந்தாரு. உயிரோட இருந்தப்ப அவரைப் பத்தி எவனும் பெருசா எழுதி வைக்கலை. செத்து நூறு வருஷம் பேச்சு மூச்சே கிடையாது. அதுதான்டா தகுதி! ஒண்ணும் தெரியாத ஆளைப் பத்தித்தானே என்ன வேணும்னாலும் சொல்லலாம்?

அப்புறம் ஏத்தல்வோல்ட்னு ஒரு கெட்டிக்கார ஆயர் வந்தாரு. 964-ல, பொண்டாட்டி பிள்ளையோட சௌக்கியமா இருந்த குருக்களைக் கோயிலை விட்டு விரட்டிட்டு, துறவிகளைக் குடி வச்சாரு. ஊரு சும்மா இருக்குமா? சொல்லி வச்சாப்பல, சுவிதுன் ஒரு கொல்லன் கனவுல வந்து, கோயிலுக்கு வெளியே கிடக்குற என்னை எடுத்து உள்ளே வைக்கச் சொல்லுன்னாராம். 971 ஜூலை 15-ல எலும்பை எடுத்து உள்ளே வச்சாச்சு. எந்தச் சமயத்துல கனவுல வரணும்னு புனிதருக்குத் தெரியாதா என்ன!

அதோட அற்புதம் கொட்டுது. ஒவ்வொருத்தன் குணமாகும்போதும் துறவிகள் எழுந்து போய் நன்றிப் பாட்டுப் பாடணும்னு ஆயர் உத்தரவு. ராத்திரியில மூணு தடவை, நாலு தடவை. தூக்கம் கெட்டவங்க பாட்டையே நிறுத்திட்டாங்க. சுவிதுன் விடுவாரா? மறுபடி கனவு, மறுபடி கண்டிப்பு. அவங்க பாவம்டா, அற்புதம்னாலே கொட்டாவி வந்திருக்கும்.

இப்ப வேடிக்கையைக் கேளு. வழிப்போக்கன் காலால மிதிபடணும், மழைத்துளி மேல விழணும், என்னைக் கோயிலுக்கு வெளியே புதைங்கன்னு சுவிதுன் அடக்கமாக் கேட்டுக்கிட்டதா பின்னாடி 12-ஆம் நூற்றாண்டுல மாம்ஸ்பரி வில்லியம் எழுதினாரு. உள்ளே கொண்டு போனதுல கோவிச்சுக்கிட்டு நாப்பது நாள் மழை பெய்ய வச்சாருன்னு ஜனங்க சேத்துக்கிட்டாங்க. உள்ளே வைக்கச் சொன்னவரும் அவரே, வச்சதுக்குக் கோவிச்சவரும் அவரே. கூட்டிக் கழிச்சுப் பாக்க யாருக்கு நேரம்? ஜூலை 15-ல தூறினா நாப்பது நாள் மழை, வெயிலடிச்சா நாப்பது நாள் வெயில்னு சொலவடையாவே ஆயிருச்சு.

1538-ல எட்டாம் ஹென்றி ராஜாவோட ஆளுங்க ராத்திரியோட ராத்திரியா சுவிதுன் எலும்பு இருந்த பேழையை உடைச்சாங்க. வெள்ளிதான் நிஜம், தங்கம் இல்லை, கல்லெல்லாம் போலின்னு கடுதாசி எழுதினாங்க. பேழை போச்சு, பேரு போகலை. நார்வேயில ஸ்டவாங்கர் பேராலயமே அவர் பேர்லதான் கட்டினது.

சொலவடையாவது பலிச்சுதான்னு கேக்குறியா? இங்கிலாந்து வானிலைக்காரங்க 1861-லேருந்து கணக்கு வச்சிருக்காங்க. ஜூலை 15-க்கு அப்புறம் விடாம நாப்பது நாள் பெஞ்சதும் இல்லை, காஞ்சதும் இல்லை. நூத்தம்பது வருஷத்துக்கு மேல வருஷா வருஷம் தப்பாச் சொல்லியும் வேலை போகாத ஜோசியர், எனக்குத் தெரிஞ்சு அவர் ஒருத்தர்தான்.