இதோ வந்திடுச்சு

சனிக்கிழமை வந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. ஆகவே, செவன் ஃபால்ஸுக்கு எந்தச் செருப்புப் போட்டுக்கொண்டு போகலாம் என்று வாட்ஸ்அப்பில் கேட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். செருப்புக்கு வருகிறேன். முதலில் அந்த மனிதரைக் கவனித்துவிடுகிறேன்.

டூசான் நகரத்தின் ஓரத்தில் சபீனோ கேன்யன். அங்கிருந்து பேர் கேன்யன் வழியாக அருவிக்குப் போய்வர 8 மைல் நடை. பாதையின் தொடக்கம்வரை கொண்டுபோய் விட வண்டி ஓடுகிறது. எங்கள் கூட்டம் அதில் ஏற மறுத்துவிட்டது. கைக்கடிகாரத்தில் ஸ்டெப் குறைந்துவிடுமாம். போகும் வழியில் அதே ஓடை ஏழு முறை குறுக்கே வரும். நாங்கள் இரண்டாவது தடவை தாண்டிக்கொண்டிருந்தபோது எதிரே வந்தார் அவர். நம் ஆள். பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டியிருந்தார். எனக்கும் அவருக்கும் ஒரே வயதுதான் இருக்கும். அவர் தலைக்கு டை அடித்திருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

“இன்னும் எவ்வளவு தூரம் சார்?”

“இதோ வந்திடுச்சு அங்கிள். அஞ்சு நிமிஷம்.”

அங்கிளை மன்னித்துவிட்டேன். அஞ்சு நிமிஷத்தை மன்னிக்க முடியவில்லை. கழுகுக்கு வேண்டுமானால் அஞ்சு நிமிஷமாக இருக்கலாம்.

மலையிலிருந்து இறங்குகிறவர்களில் உண்மை பேசுபவர் ஒருவர்கூடக் கிடையாது. இரண்டு கைத்தடிகளோடு வந்த வெள்ளைக்காரப் பாட்டி, பார்த்தால் பொய் சொல்லத் தெரியாத முகம், “கிட்டே வந்துவிட்டீர்கள்” என்றார். காதில் எதையோ மாட்டியிருந்த கல்லூரிப் பையன் நான் கேட்டதை விட்டுவிட்டு, போனால் ஏமாற மாட்டீர்கள் என்று உத்தரவாதம் கொடுத்தான். தூரம் கேட்டால் தரச்சான்றிதழ்! ஒரு சிறுவன் மட்டும் “ரொம்ப ரொம்ப தூரம்” என்று ஆரம்பித்தான். அவன் அம்மா வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

நிமிஷத்தை நம்ப முடியாது என்றானதும் ஓடைக் கணக்கை நம்பினோம். ஏழு தாண்டினால் வேலை முடிந்தது. எண்ணுவதில் என்ன தகராறு வரப்போகிறது என்று நினைப்பீர்கள். கட்டலினா மலை உச்சியில் பனி உருகும் காலத்தில் தகராறு இல்லை, தண்ணீர் முழங்காலைத் தொடும், யாரும் மறக்க மாட்டார்கள். நாங்கள் போனது அந்த வரத்து வடிந்த பிறகு. ஒரு இடத்தில் வெறும் ஈர மணல். இது ஓடையா, இல்லையா? சாஃப்ட்வேர் ஆசாமி ஒருவர், செருப்பு நனையாவிட்டால் கணக்கில் சேராது என்றார். மதுரைக்காரர் கொதித்துவிட்டார். “அப்ப வைகை ஆறு இல்லையா?” ஒரு பாறை நிழலில் நின்று கால் மணி நேரம் வழக்கு நடந்தது. ஒரு கட்சிக்கு அது ஐந்தாவது, இன்னொரு கட்சிக்கு நாலாவது. அடுத்ததில் தண்ணீர் இருந்தது, ஆனால் ஒரு திட்டைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து ஓடியது. இரண்டும் சேர்ந்து ஒன்றா, தனித்தனியா? கட்சிகள் உடைந்து மூன்றாயின. என் மனைவி யாரிடமும் பேசாமல் முன்னால் நடந்துவிட்டாள். அவளுக்கு மட்டும் கடைசிவரை ஏழுதான் வந்தது.

அந்த வழக்கு நடந்த இடத்தில் சகுவாரோ கள்ளிகள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றன. சொனோரன் பாலைவனத்தை விட்டால் அவை காடாய் நிற்பதை வேறெங்கும் பார்க்க முடியாது. முதல் கை முளைக்கவே 50 முதல் 75 வருஷம் ஆகுமாம். அதுவும் அஞ்சு நிமிஷம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். அதன் ஆயுளுக்கு அது நியாயமான கணக்கு. சோய்யா என்று இன்னொரு கள்ளி உண்டு. லேசாக உரசினாலே ஒரு கணு கழன்று வந்து ஒட்டிக்கொள்ளும், கையால் பிடுங்கினால் கைக்கு மாறும். சீப்பை விட்டு நெம்பித்தான் எடுக்க வேண்டும். எங்கள் கூட்டத்தில் சீப்பு வைத்திருந்த ஒரே ஆள் வழுக்கைத் தலையர். காலையில் அவரைக் கேலி செய்தவர்கள் மத்தியானத்துக்கு மேல் அவர் பக்கத்திலேயே நடந்தார்கள்.

பொய் சொன்னவர்களைக் கேட்டால், உற்சாகப்படுத்தத்தான் சொன்னோம் என்பார்கள். எனக்குக் கோபம் வருவதே அதில்தான். டூசானில் ஜூன் மாத வெயில் சர்வசாதாரணமாக 38 டிகிரியைத் தாண்டும். அந்த வெயிலிலும் அரை லிட்டர் பாட்டிலைச் சுழற்றிக்கொண்டு கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அஞ்சு நிமிஷம்தானே என்று கடைசி மடக்கையும் குடித்துவிட்டு நடந்தால், அருவியும் அப்போது பாறையில் ஒரு கறையாக இருக்கலாம். ஓடையில் தண்ணீர் எவ்வளவோ அவ்வளவுதான் அருவியிலும்.

ஏழாவது ஓடைக்கு அப்புறமும் விடாது. பாதை வளைந்து வளைந்து மேலே ஏறும், அருவி கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது. பிறகு பாறையில் இறங்க வேண்டும். அருவி நன்றாகத்தான் இருந்தது. கோடு கோடான பாறையில் படிப்படியாக இறங்கி, படிக்கொரு குளம். குளத்துக்கொரு ஸ்பீக்கர், ஸ்பீக்கருக்கொரு பாட்டு. உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம், திரும்பினோம்.

இறங்கும்போது மூன்றாவது ஓடைக்கரையில் ஒரு குடும்பம். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, புடவைக்குக் கீழே மருமகளின் ஷூ. “தம்பி, இன்னும் எம்புட்டுத் தூரம்பா?”

உண்மையைச் சொன்னேன். “நாலு ஓடை இருக்கும்மா. அதுக்கப்புறம் ஏத்தம். உங்க நடைக்கு ஒரு மணி நேரமாவது ஆகும்.”

மகன் என்னை முறைத்த முறைப்பில் சோய்யா முள்ளே தேவலை. அந்த அம்மாவுக்கோ முகம் மலர்ந்துவிட்டது. “அப்பச் சரி, இங்கனயே சாப்பிட்டுப்புடுவோம்” என்று பாறையில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். எலுமிச்சைச் சாதம், வடகம். எங்களையும் உட்காரச் சொன்னார். நான் பையைக் கழற்றிக் கீழே வைத்தேன்.

அதற்குள் என் மனைவி, “அவர் கிடக்குறாரும்மா. எந்திரிங்க, இதோ வந்திடுச்சு” என்று கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

டப்பா மூடிவிட்டது. வடகத்தை நான் தொடக்கூட இல்லை.