இடது மறை

ராஜபாளையத்தில் பழைய கார் பைத்தியத்தைக் கண்டுபிடிக்க ஆளின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, கையைப் பார்த்தால் போதும். நகக்கண்ணில் கருப்பாக ஆயில் இருக்கும். விரலைச் சுற்றி பாண்டேஜ் துணி இருக்கும். பதறிப்போய் விசாரிக்க வேண்டாம், அடிபட்ட கட்டு இல்லை அது. கை துடைக்க வைத்திருப்பது. மற்ற ஊர் ஒர்க்‌ஷாப்புகளில் பனியன் வேஸ்ட் கிடக்கும். இங்கே பக்கத்துச் சத்திரப்பட்டியில் தறிக்குத் தறி பாண்டேஜ் ஓடுவதால் கழிவுத் துணி மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது. அதனால் இந்த ஊர் ஷெட்டுகளில் பிரித்துப் போட்டிருக்கும் கார்களைப் பார்த்தால் எலும்பு முறிவு வார்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். ஆரஞ்சுப் பழம் வாங்காமல் வந்துவிட்டோமே என்று தோன்றும்.

நான் சொல்லப்போகிறவர் அசலில் ஒருவர் இல்லை. மூன்று பேரைப் பிரித்து, தேறிய சாமான்களைக் கொண்டு நான் ஒன்றாகக் கோத்தது. தெருவில் ‘பிளஷர் அண்ணாச்சி’ என்பார்கள். எங்கள் பக்கத்துப் பெரிசுகளுக்குச் சொந்தக் கார் என்றால் பிளஷர். அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு இன்பம் என்று அர்த்தம் என ஒருநாள் மதினியிடம் சொல்லிவைத்தேன். “யாருக்கு?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

வண்டி, 1951ஆம் வருஷத்துப் பிளைமவுத். பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி, அமெரிக்கக் கிரைஸ்லரோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு டாட்ஜ், டிசோட்டோ, பிளைமவுத் என்று வரிசையாகக் கோத்து அனுப்பிய காலம் அது. பஞ்சு விலை ஏறினால் இந்த ஊரில் கார் வரும். அப்படி வந்து, பஞ்சு விலை இறங்கியபோது ஒரு குடோனில் ஒதுங்கி, கோழி அடைகாக்கும் இடமாக இருந்ததை அண்ணாச்சி எடைக்குப் போகும் முன் மறித்தார். கொண்டுவந்து சேர்க்க ஒரு நாள் ஆனது. கோத்துக்கொண்டிருப்பது பதினோராவது வருஷம். கேட்டால், “கோயிலுக்கே பன்னெண்டு வருஷத்துக்கு ஒருக்கத்தான கும்பாபிஷேகம்? இன்னும் டயம் இருக்கு” என்பார்.

இந்த மாவட்டத்தில் எந்தப் பழைய காரைத் தொட்டாலும் ஒரு கதை ஒட்டிக்கொண்டு வரும்: “காமராஜர் ஏறின வண்டி.” காமராஜர் 1957லும் 1962லும் சாத்தூரில் நின்று ஜெயித்தார், சுற்றுவட்டாரத்தில் சுற்றியிருக்கிறார், எல்லாம் சரி. ஆனால் நான் கேட்ட கதைகளை எல்லாம் கூட்டினால் அந்த மனிதர் பத்து வருஷம் தரையில் கால் வைத்திருக்க வாய்ப்பே இல்லை. அண்ணாச்சி இன்னும் ஒரு படி மேல். அவர் வண்டியில் இந்த ஊர்க்காரரான முதலமைச்சர் குமாரசாமி ராஜாவும் ஏறியிருக்கிறாராம். 1952இல் அவர் பதவி முடிந்துவிட்டது, வண்டி 51. “அந்த ஒரு வருஷத்துல ஏறியிருக்க மாட்டாரா?” என்கிறார். வழக்கு அவர் பக்கம் இருப்பதாகவே வைத்துக்கொள்வோம்.

ராத்திரி பத்து மணிக்கு மேல் அண்ணாச்சி போனில் அமெரிக்காவுக்குப் போய்விடுவார். அங்கே ஒருவர் வீட்டுக் காரேஜில் மஸ்டாங் கட்டிக்கொண்டிருப்பார், இவர் பார்த்துக்கொண்டிருப்பார். அறுபதுகளின் அந்த முரட்டுக் கார்கள் பற்றி அவருக்கு எல்லாம் தலைகீழ்ப் பாடம். ஃபோர்டு மஸ்டாங்கை வெளியிட்டது 1964 ஏப்ரல் 17. பிளைமவுத்தின் பாராகூடா வந்தது ஏப்ரல் 1. “பதினாறு நாள் முந்தி! பேரு என்னமோ அவனுக்குப் போச்சு” என்று பங்காளிச் சொத்துத் தகராறு மாதிரி பொருமுவார். அதே வருஷத்துப் போன்டியாக் ஜிடிஓவைப் பற்றி அவர் சொன்ன கணக்கை நான் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். எட்டு சிலிண்டர், 389 கன அங்குலம். ஒரு சிலிண்டருக்கு 797 சிசி வருகிறது. நம்ம மாருதி 800இன் முழு எஞ்சினே 796 சிசிதான். “எட்டு மாருதிய ஒரே பானட்டுக்குள்ள கட்டிப்போட்டிருக்கான்” என்று சொல்லும்போது அவர் கண் கலங்கியது. பிளைமவுத்துக்கு 97 குதிரை. அதில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று கேட்கும் துணிச்சல் எனக்கு வரவில்லை.

அவருக்கு அமெரிக்காக்காரன் மேல் பொறாமை கிடையாது, லேசான இளக்காரம்தான். மஸ்டாங்குக்கு அங்கே ஸ்குரூவிலிருந்து முழு பாடி வரை புதுசாகவே விற்கிறார்கள். கேட்லாக் பார்த்துக் காசு கட்டினால் வீட்டுக்கு வந்துவிடும். “இதென்ன கட்டுறது? ஓட்டல்ல இட்லி வாங்கிட்டு வந்து நானே சமைச்சேன்னு சொல்ற கதை.” இங்கே கேட்லாக் என்பது லேத் மேஸ்திரிதான். ஸ்பின்னிங் மில்லுக்கு ஸ்பேர் கடைந்தே முடி நரைத்தவர். கிங் பின் புஷ் தேய்ந்துபோனதைக் கொண்டுபோய்க் கொடுத்தால், ‘இது எந்த மெஷின்ல வர்றது?’ என்று மட்டும் கேட்பார். கார் என்று சொன்னால் முகம் சுளிப்பார். அவரைப் பொறுத்தவரை ஓடவேண்டிய சாமான் ஒரே இடத்தில் நின்று ஓட வேண்டும், ஊர் சுற்றக் கூடாது. ஆனாலும் வெர்னியரை வைத்து நாலு தரம் அளந்து, கன்மெட்டலில் கடைந்து, வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி ஒரு புஷ் கொடுப்பார். அதைப் பாண்டேஜில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு, அண்ணாச்சி ஆட்டோவில் வீடு திரும்புகிற காட்சியைப் பார்க்க வேண்டும். பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவர் கூட அவ்வளவு நிதானமாக வருவதில்லை.

வீட்டுக்குள் என்ன நிலவரம் என்றால், கிராங்க் ஷாஃப்டைப் படுக்கவைத்தால் நாளாவட்டத்தில் வளைந்துவிடும், நிற்கவைக்க வேண்டும் என்பது சாஸ்திரம். ஆகவே அது முன்னறைக் கதவுக்குப் பின்னால் கிரீஸ் பூசி, பாண்டேஜ் சுற்றி, ஆள் மாதிரி நிற்கிறது. பெண் பார்க்க வந்த வீட்டார் ஒருதரம் கதவைச் சாத்தப்போய் அலறிவிட்டார்கள். ஹெட் லைட் வளையங்கள் பீரோவில், பட்டுப் புடவைக்கு நடுவில். ஈரம் படாத இடம் வீட்டில் அது ஒன்றுதானாம்.

பின் சீட் மட்டும் கழற்றாமல் வண்டியிலேயே இருந்தது. அதில் ஒரு வருஷம் ராஜபாளையம் நாய் குட்டி போட்டுவிட்டது. வெள்ளை நாய், சிவந்த மூக்கு, வேட்டைக்காரப் பரம்பரை. தபால்தலையில் படம் போட்ட இனம். அந்நியரை அண்டவிடாது என்று வெளியூரார் புகழ்வார்கள். புகழ்கிறவர்கள் யாரும் அதன் குட்டிகளுக்குப் பக்கத்தில் ஸ்பேனரோடு போனதில்லை. இரண்டு மாசம் வேலை நின்றது. டிங்கர் வாசலோடு வந்து எட்டிப் பார்த்து, “பெறகு வாரேன் அண்ணாச்சி” என்று போய்விடுவார். அண்ணாச்சிக்குக் கோபமே இல்லை. “ஸ்பிரிங் நல்லா இருக்குன்னுதான படுத்திருக்கு” என்று அதையும் வண்டியின் பெருமையில் சேர்த்துக்கொண்டார்.

கரண்ட் சமாச்சாரம் தனிக் கதை. அந்த வண்டிக்கு ஆறு வோல்ட். அதுபோக, பாட்டரியின் பிளஸ் முனையைப் பாடியோடு சேர்க்க வேண்டும். எலக்ட்ரீஷியன் முப்பது வருஷமாக மைனஸைத்தான் பாடிக்குக் கொடுத்துப் பழகியவர். “அப்படிப் பண்ணா வீட்டுக்கு ஆகாது அண்ணாச்சி” என்று சாமி விஷயம் மாதிரி பேசினார். வடக்கே தலைவைத்துப் படுக்கச் சொன்னால் எப்படிப் பதறுவாரோ அப்படி. மூன்று நாள் வாக்குவாதத்துக்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு இணைத்தார். ஹார்ன் அடித்தது. தெருக்கோடி வரை கேட்ட அந்தச் சத்தத்துக்கு அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன்.

இவ்வளவையும் விட முக்கியம் சக்கரம். கிரைஸ்லர் வண்டிகளில் வலது பக்கச் சக்கர போல்ட்டுகளுக்கு வழக்கமான மறை. இடது பக்கத்துக்கு மட்டும் இடது மறை. ஓடுகிற ஓட்டத்தில் போல்ட் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்று அந்தக் காலத்தில் போட்ட ஏற்பாடு. இது தெரியாத புதுப் பையன் ஒருவன் இடது முன் சக்கரத்தைக் கழற்ற உட்கார்ந்தான். வழக்கப்படி திருப்பினான். அசையவில்லை. ஸ்பேனரில் பைப்பைச் சொருகித் திருப்பினான். பைப்பின் மேல் ஏறி நின்று குதித்தான். படீரென்று போல்ட் தலை தனியாகப் பறந்தது. இப்படியே அஞ்சில் மூன்று. அவன் பாவம், கழற்றுவதாக நினைத்து அரை மணி நேரம் முறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறான்.

அன்றைக்கு மதினி திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அண்ணாச்சி அந்தப் பையனுக்கு மறையின் தத்துவத்தை விளக்கியதைக் காதில் வாங்கிக்கொண்டே ஆய்ந்தார். நான் அப்போது கவனிக்கவில்லை. பிறகு யோசித்தால், அந்த வீட்டில் நிஜமான மெக்கானிக் அன்று பிறந்தார் என்று தெரிகிறது.

அண்ணாச்சிக்கு மறை கழன்றுவிட்டது என்று சொந்தபந்தம் முழுக்கப் பேச்சு. அது தொழில்நுட்பப்படி தப்பு. அவருக்கு இடது மறை. மைத்துனர் வந்து, “இந்தக் காசுக்கு ரெண்டு புதுக் கார் வாங்கியிருக்கலாம் மாமா” என்றால், அன்றே புதுப்பேட்டைக்கு ரயிலேறி ஒரு ரேடியேட்டர் குழாயோடு வருவார். மகன் “போதும்பா” என்றால் நிக்கல் பிளேட்டிங்குக்கு அட்வான்ஸ் கொடுப்பார். பத்து வருஷமாக எல்லோரும் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

கீரை ஆய்ந்த வாரத்திலிருந்து மதினி திசையை மாற்றினார். சாப்பாடு போடும்போது, “அவசரப்படாதீங்க. இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஆனாலும் ஆகட்டும், நிதானமாச் செய்யுங்க. எனக்கும் அது அங்கன நின்னாத்தான் வீடு நெறஞ்சாப்பல இருக்கு” என்றாராம். அண்ணாச்சிக்குச் சோறு இறங்கவில்லை. நாற்பது நாளில் வண்டி நாலு சக்கரத்தில் நின்றது. கதவுக்குப் பின்னால் நின்றவர் எஞ்சினுக்குள் குடிபோனார். பெயின்ட்டைச் சுரண்டியபோது கருப்புக்கு மேல் பச்சை, பச்சைக்கு மேல் ஏதோ ஒரு தேர்தலின் இரண்டு கலர், அதற்கும் மேல் கோழிகளின் பங்களிப்பு என்று எழுபது வருஷ வரலாறு உதிர்ந்தது. கருப்பே நிலைத்தது.

ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கென்று 2021இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்ததே, அதன்படி இருபதாயிரம் கட்டி ‘வி.ஏ.’ போட்ட நம்பரும் வாங்கினார். கல்யாணத்துக்கு வாடகைக்கு விடக் கூடாது, தினப்படி ஓட்டக் கூடாது. கண்காட்சி, ஊர்வலம், தொழில்நுட்ப ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பழுதுபார்க்க என்று போகலாம். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் மாப்பிள்ளை அழைப்புக்குக் கேட்டு வந்தபோது அண்ணாச்சி அந்த விதியை எடுத்துக் காட்டிய தோரணை, பதினோரு வருஷத்துக்கு வட்டியோடு வசூல்.

ஆயுத பூஜைக்கு மறுநாள், நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுங்க, ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பினோம். பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். நோக்கம் பால்கோவா. விதியில் பால்கோவா இல்லை என்றேன். “இது தொழில்நுட்ப ஆராய்ச்சி” என்றார். சொல்ல மறந்தேனே, வண்டி அருமையாகத்தான் ஓடியது. ஸ்டீயரிங் பக்கத்துக் கியர், சோபா மாதிரி முன் சீட், வயிற்றுக்குள் உறுமாமல் முனகுகிற ஆறு சிலிண்டர். எதிரே வந்த பஸ் டிரைவர்கள் தலையை வெளியே நீட்டிச் சிரித்தார்கள். ஆண்டாள் கோயில் கோபுரம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்த இடத்தில் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது.

பெட்ரோல் பம்ப் எஞ்சின் சூட்டில் காய்ந்து, பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைத்துக்கொள்ளும். பழைய வண்டிகளின் வழக்கமான வியாதி. வைத்தியம், ஈரத்துணி. சத்திரப்பட்டித் துணி கடைசியில் அதற்கு உண்டான வேலைக்கு வந்தது. கட்டுப் போட்டு, கால் மணி நேரம் காற்றாடவிட்டு, செல்ஃப் அடித்தால் ஆறு வோல்ட் பாட்டரி ஒரு முனகலோடு கண்ணை மூடிக்கொண்டது.

இனி தள்ளு. ஒன்றரை டன்னுக்குக் கொஞ்சம்தான் குறைவு. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். வருஷா வருஷம் ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேரை இழுக்கிற ஊர். கூப்பிடவே வேண்டியதில்லை, நிற்கிற வண்டியைப் பார்த்தாலே கை பரபரக்கும். ஒரு பெரியவர் முன்னால் போய்க் குனிந்து பார்த்து, “வடம் எங்கன கட்டணும்?” என்று கேட்டார். அண்ணாச்சி உள்ளேயிருந்து, “குரோம்ல கை வைக்காதீங்க, மட்கார்டுல சாயாதீங்க” என்று கத்தினார். வேறு எதைப் பிடித்துத் தள்ளுவது என்று யாருக்கும் புரியவில்லை. ஹேண்ட் பிரேக் டிரம் இந்த வண்டியில் கியர்பாக்ஸுக்குப் பின்னால்; அதற்குள் ஆயில் இறங்கி அது எதையும் பிடிக்காத நிலையில் இருந்தது. “கட்டை போட ஒரு ஆள் வேணும்ல” என்றார் பெரியவர், தேர் ஞாபகத்தில். ரோட்டோரத்தில் கிடந்த கல் ஒன்று என் கைக்கு வந்தது. பின் சக்கரத்தோடு ஒட்டி நடந்து, கத்தினால் கல்லைச் சொருக வேண்டும் என்பது உத்தரவு.

அப்போதுதான் அந்தப் பெரியவர் வாயைத் திறந்தார். “வத்திராயிருப்புப் பக்கம் ஒரு தோட்டத்துல இதே கணக்கா ஒண்ணு நிக்கி. டாட்ஜாம். மரம் மொளைச்சுக் கெடக்கு. கேட்டாக் குடுப்பாக.”

வண்டி உருண்டுகொண்டிருந்தது. அண்ணாச்சி ஸ்டீயரிங்கை விட்டுவிட்டுத் திரும்பினார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் குடோன் வாசலில் பார்த்த அதே முகம். கல்லைச் சொருகிவிட்டுச் சற்றுத் தள்ளிப்போய் மதினிக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொல்லி, அண்ணன் யோசனை கேட்டால் என்ன சொல்லட்டும் என்று கேட்டேன். மறுமுனையில் முறத்தில் எதையோ புடைக்கிற சத்தம் நின்றது.

“கண்டிப்பா வாங்கச் சொல்லுங்க” என்றார் மதினி.